எழுப்ப ஆளில்லாத வேலை

"காவேரித் தண்ணி, கொல்லையில பறிச்ச காய், வேளைக்கு வீட்டுச் சாப்பாடு. உனக்கென்னடி குறைச்சல்?" சென்னையில் இருக்கும் பழைய அலுவலகத் தோழிகள் போனில் பேசினால் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் வந்துசேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக நகரத்துக்குத் திரும்பினார்கள். எனக்கு ஆடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கல்யாணம் ஆனது, நிறுவனமும் வீட்டிலிருந்தே வேலையைத் தொடரச் சம்மதித்தது, தங்கிவிட்டேன். தோழிகள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. காற்று நன்றாக இருக்கிறது. கீரை வாசலுக்கே வருகிறது. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. இத்தனையும் இருந்தும் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, தூக்கம் கெட்டது, ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. எங்கள் அணியில் மன்னார்குடியிலிருந்து ஒருத்தியும் நாகப்பட்டினத்திலிருந்து ஒருவரும் இதேபோல வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். அவர்களைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஊருக்கு வந்துவிட்டால் உடம்பு தானாகத் தேறிவிடும் என்று எல்லோரும் நம்புகிறோமே, அந்த நம்பிக்கையில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்தது.

முதலில் சாப்பாட்டைச் சொல்கிறேன். டெல்டாவில் வீட்டுச் சாப்பாடு என்றால் சோறு. மதியம் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று வாங்கிச் சாப்பிடும் சோறு. கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் அதற்குத் துணை. இந்தச் சாப்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் மாமனார் இத்தனை வருடமும் இதைத்தான் சாப்பிட்டுவந்தார். ஆனால் அவர் விடிவதற்கு முன்பே வயலுக்குப் போய் மடை பார்த்து, வரப்பு அடைத்து, நடவாட்களோடு நின்று, வெயில் ஏறிய பிறகு வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்தவர். அவர் இலையில் எவ்வளவு சோறு விழ வேண்டும் என்பதை வயல்தான் தீர்மானித்தது. அதே அளவைத்தான் அத்தை எனக்கும் பாசத்தோடு வைக்கிறார். நான் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒன்றரை மணிக்கு நாற்காலியில் உட்காருகிறேன். என் ஷிப்ட் மதியம் ஒன்றரையிலிருந்து இரவு பத்தரை வரை. வாடிக்கையாளர்கள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பொழுது விடியும்போது நமக்கு விளக்கேற்றும் நேரம்.

சாப்பிட்ட சோறு ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும்போது அதில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது நம் தசைகள். தசை இயங்கிக்கொண்டிருந்தால் இன்சுலின் பெரிதாக உதவாவிட்டாலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்வது இதனால்தான். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டால் அந்த வழி பாதி அடைபட்டுப்போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளிவந்த பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் கணக்கிட்டது. அந்த இரண்டாவது கூட்டத்தில்தான் நான் நிற்கிறேன் என்று மருத்துவர் சொன்னார். சொல்லிவிட்டு, எல்லோரும் சொல்கிற அறிவுரைகளையே அவரும் சொன்னார்: மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள், தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்யுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், ராத்திரி நேரத்தோடு தூங்குங்கள்.

இதில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் இவை எல்லாமே என் மன உறுதியை நம்பி நிற்பவை. போனில் ஒரு செயலி மணியடித்து எழு என்கிறது. ஒரு விரலால் அதை அணைத்துவிடலாம், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. காலை நடை ஒரு மாதம் ஒழுங்காகப் போகும், பிறகு அக்கினி நட்சத்திரம் வரும். அது முடிந்து மறுபடி ஆரம்பித்தால் ஐப்பசி மழையில் தெருவெல்லாம் சேறாகிவிடும். மழை விட்டால் வருடக் கடைசி வேலை நெருக்கடி வந்து உட்காரும். சோம்பேறிகள்தான் நடையை விடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் அணியில் ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை. சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு வேலை பார்ப்பவர்கள் அவர்கள்.

திருபுவனத்துத் தறி

தங்கையின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கத் திருபுவனம் போயிருந்தேன். கும்பகோணத்துக்கும் திருவிடைமருதூருக்கும் நடுவில், கம்பகரேஸ்வரர் கோவில் கோபுரம் தெரியும் தூரத்தில், தறி ஓசை கேட்கும் தெருக்கள். பள்ளித் தோழியின் அப்பா அங்கே நெசவாளர். அவரை நானும் அப்பா என்றுதான் கூப்பிடுவேன். எழுபதைத் தாண்டிவிட்டார், இன்னமும் குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து நாடா விடுகிறார். கூடத்தின் பாதியைத் தறிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. சாப்பாடும் தூக்கமும் பிள்ளைகள் படித்ததும் எல்லாம் மீதிப் பாதியில். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை ஏதோ நம் தலைமுறை கண்டுபிடித்த மாதிரி பேசுகிறோம். திருபுவனத்தில் அதுதான் தலைமுறை தலைமுறையான வாழ்க்கை. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்களுக்கும் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு செய்பவர்களுக்கும்கூட வீட்டையும் பட்டறையையும் பிரிப்பது பல இடங்களில் ஒரு சுவர்தான்.

தறிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து என் முதுகுவலிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இத்தனை வருஷமா வீட்டுக்குள்ளயே எப்படிப்பா வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன். அவர் மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டு, "வீட்டுக்குள்ள எங்க பாப்பா இருந்தேன்?" என்றார். பிறகு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகள், போடும் நாளில் விடிவதற்கு முன்பே தெருவில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பட்டு இழை காய்ந்து அறும், அதனால் இருட்டோடு ஆரம்பித்தாக வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது, பக்கத்து வீடுகளிலிருந்து கை கொடுக்க வருவார்கள். இன்றைக்கு அவர்கள் நம் பாவுக்கு வந்தால் நாளைக்கு நாம் அவர்கள் பாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. நெய்து முடித்த சேலையை நெசவாளர் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, கூலி வாங்கி, அடுத்த பட்டும் ஜரிகையும் வாங்கிவர வேண்டும். சாயப் பட்டறைக்கு நடக்க வேண்டும். அமாவாசையன்று அவர்கள் வீட்டில் தறியைத் தொடுவதில்லை. பொழுது சாய்ந்தால் தானாகவே நிறுத்தியாக வேண்டும், ஏனென்றால் "குண்டு பல்பு வெளிச்சத்துல அரக்குக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது பாப்பா, ஒரு இழை மாறினா சேலையே போச்சு." தறியில் உட்கார்ந்தவனை எழுப்ப யாராவது ஒருத்தர் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில், "உன்னை யாரு எழுப்புறா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அதோடு முடியவும் இல்லை. பின்கட்டில் ஊடைக்கு, அதாவது குறுக்கிழைக்கு, தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த தோழியின் அம்மா, கை வேலையை நிறுத்தாமலே, "எழுந்து போனது அவரு. நான் எங்க எழுந்து போனேன்?" என்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். ஊடைக்குத் தார் சுற்றியது அவர், உலை வைத்தது அவர், பாவுக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் காப்பி போட்டது அவர். அவரையும் நாள் முழுக்க யாராவது எழுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தாரிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து தாருக்கு. "உக்காரவும் விடல, வெளிய போகவும் விடல." வீட்டுக்காரருக்கு முழங்கால் தேய்ந்திருக்கிறது, கண்ணும் மங்கிவிட்டது. நெசவு என்றால் உடம்புக்குச் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அவர்கள் இருவரில் அதிகம் தளர்ந்திருப்பவர் அந்த அம்மாதான் என்பது பார்த்தாலே தெரிகிறது.

மகனும் நெசவுதான். இப்போது எல்இடி விளக்கு வந்துவிட்டது, நடு ராத்திரியிலும் நிறம் பகல் மாதிரி தெரிகிறது. கல்யாண சீசனில் அவர் இரவு பத்து மணி வரை நெய்கிறார். முப்பத்தெட்டு வயதில் இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

படி ஏறிய நடத்துநர்கள்

திரும்பி வரும்போதே பஸ்ஸில் இந்த இரண்டு பேச்சையும் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எப்போதோ படித்த ஒரு ஆராய்ச்சி ஞாபகம் வந்தது. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒரே பஸ், ஒரே ஊர், வருமானத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது, வந்தபோதும் வயது தள்ளி, கடுமை குறைந்து வந்தது. ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு தொடக்கத்திலிருந்தே பெரிதாக இருந்ததால் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்பதை மாரிஸே சில வருடங்கள் கழித்து எழுதினார். அந்தச் சந்தேகத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், உட்கார்ந்தே இருப்பது உடம்பைக் கெடுக்கும் என்பதைப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் உறுதிப்படுத்திவிட்டன.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த நடத்துநர்கள் யாரும் உடம்பைத் தேற்றுவதற்காகப் படி ஏறவில்லை. மாடியில் பயணி உட்கார்ந்திருந்தார், டிக்கெட் கொடுத்தாக வேண்டும், ஏறினார்கள். மழையோ, மனச்சோர்வோ, தூக்கமில்லாத ராத்திரியோ அந்தப் படியை ரத்து செய்ய முடியாது. திருபுவனத்து அப்பாவை இருட்டோடு தெருவுக்கு இழுத்ததும் பக்கத்து வீட்டுப் பாவுதான். என் மாமனாரை விடியற்காலையில் எழுப்பியது வயல். நம் ஊர் மனிதர்களைத் திடமாக வைத்திருந்தது காற்றும் கீரையும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களை வீட்டுக்கு வெளியே இழுத்த கட்டாயங்களுக்கு அதில் பெரிய பங்கு இருந்தது என்று இப்போது நான் உறுதியாக நம்புகிறேன். மடிக்கணினி வேலை அந்தக் கட்டாயங்களில் ஒன்றைக்கூடக் கூடவே கொண்டுவருவதில்லை. சம்பளம், கூட்டம், பயிற்சி, பாராட்டு எல்லாம் அந்தத் திரைக்குள்ளேயே வந்துவிடுகிறது. பட்டும் ஜரிகையும் வாங்கச் சங்கம் வரை நடக்க வேண்டிய தேவைகூடக் கிடையாது.

தண்ணீர் பார்க்கப் போவது

எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது 3 ஏக்கர். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணையும் திறக்கும், பிறகு ஆறும் வாய்க்காலும் ஒவ்வொன்றாக நனையும். குறுவை நெல்லுக்கு ஆற்றை மட்டும் நம்ப முடியாது என்பதால் போர் மோட்டாரும் உண்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டு, மடை மாற்றி, எந்த மாவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து வர ஒரு ஆள் வேண்டும். மாமாவுக்கு இடுப்பு முடியாமல் போன பிறகு இதற்கு யாரைப் போடுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, காலையில் நான் போகிறேன் என்றேன். அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. மருமகள் மண்வெட்டியோடு வரப்பில் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற கவலை. மாமாதான், "போகட்டும், நான் கட்டில்ல இருந்து சொல்லித் தரேன்" என்றார். சேற்றில் கால் வைக்கும் விதம், நண்டு வளை பார்த்து வரப்பை மிதித்து அடைப்பது, கீழ்மடைக்காரரிடம் சண்டை வராமல் தண்ணீர் விடுவது எல்லாம் அவரிடம் கற்றுக்கொண்டது.

காலை நடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரிந்தது. நடையை விட்டால் கேட்க ஆளில்லை. மடையை மாற்றாமல் விட்டால் ஏழு மணிக்கெல்லாம் அடுத்த வயல்காரர் வாசலில் வந்து நிற்பார். மழை பெய்தால் போக வேண்டாம் என்று இருக்க முடியாது, அன்றைக்குத்தான் தண்ணீர் வடிய வைக்கக் கட்டாயம் போக வேண்டும். காலை வெயில் உடம்பில் படுவதால் ராத்திரித் தூக்கம் முன்னால் நகர்ந்தது. நம் உடல் எப்போது தூங்க வேண்டும் என்று கணக்கு வைப்பதே கண்ணில் படும் பகல் வெளிச்சத்தை வைத்துத்தான், அதிலும் காலை வெளிச்சத்துக்குத் தூக்கத்தை முன்னுக்கு இழுக்கும் வேலை உண்டு. தாளடியும் சம்பாவும் அறுத்து, உளுந்தும் எடுத்து, நிலம் காய்ந்து கிடக்கும் கோடை மாதங்களுக்கு வேறு ஒன்று தேவைப்பட்டது. பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு, தெருக்கோடியில் மாடு வைத்திருக்கும் வீட்டில் எங்களுக்கும் பக்கத்து இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் சேர்த்துப் பால் வாங்கிவரும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். நான் போகவில்லை என்றால் மூன்று வீட்டில் காப்பி இல்லை.

மதியச் சாப்பாட்டையும் மாற்றினோம். பன்னிரண்டு மணிக்கே சாப்பிடுகிறேன். அளவை அத்தையோடு உட்கார்ந்து பேசிக் குறைத்தேன். காயை அதிகமாகவும் சோற்றை ஒரு தடவையாகவும் வைப்பதற்கு அவர் ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது. பாசத்தை மறுப்பதாக அவருக்குத் தோன்றிவிடக் கூடாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வைக்கிறபடி. சாப்பிட்டதும் மாமாவின் மருந்தோ கடைச் சாமானோ ஏதாவது ஒன்று வாங்கக் கடைத்தெரு வரை போய்வருகிறேன். மேசையைப் படுக்கையறையிலிருந்து வாசல் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்ததும் நல்லதாகப் போயிற்று. கண்ணுக்கு ஓய்வு தர 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். அறைக்குள் 20 அடி ஏது? இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு வேப்பமரம் தெரிகிறது. தெருவில் போகிறவர்கள் குரல் கொடுக்கிறார்கள், கூட்டத்தில் இல்லாத நேரமாக இருந்தால் எழுந்து போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன்.

இனி அந்த அம்மா சொன்ன பாதி. இதை எழுதும்போது எனக்கு மிகவும் கவனம் தேவைப்படுகிறது, ஏனென்றால் "கட்டாயம் வேண்டும்" என்று நான் சொல்வதைப் படித்துவிட்டு, வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இன்னும் நாலு வேலையைத் தலையில் கட்ட யாராவது இதை உபயோகிக்கக் கூடாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண் ஒருநாளும் எழுந்திருக்காமல் இருப்பதில்லை. குக்கர் விசில் எழுப்பும், சிலிண்டர்காரர் எழுப்புவார், "வீட்டுலதானே இருக்கே" என்ற வார்த்தை எழுப்பும். இரண்டு கூட்டத்துக்கு நடுவில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் மாவு கரைத்து வைப்பது ஓய்வு ஆகாது. மனம் ஒரு வேலையிலிருந்தும் விடுபடாமல் இரண்டிலும் அரைகுறையாக நிற்கும். வெளியே அழைத்துப்போய், முடிந்தது என்று திருப்பி அனுப்புகிற கட்டாயம் வேண்டும். மடை மாற்றினால் மாற்றியதுதான், அதோடு முடிந்தது. அடுப்படி அப்படி முடிவதில்லை. அதனால் ஒரு கட்டாயத்தை எடுத்துக்கொண்டபோதே ஒன்றை இறக்கியும் வைத்தேன். மாலை ஆறு மணிக்கு மேல் அடுப்படி என் கணவர் பொறுப்பு. அவர் கடையைக் கொஞ்சம் முன்னதாக அடைத்துவிட்டு வந்து தோசை ஊற்றுகிறார். அத்தை இதற்கு இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

விளக்கு அணையாத தறி

இதற்கெல்லாம் பிறகும் தீராமல் நிற்பது ராத்திரி. நெசவாளர் மகனுக்கு எல்இடி விளக்கு செய்ததை எனக்கு இணையம் செய்கிறது. நிறுத்தச் சொல்ல இருட்டு வருவதில்லை. பத்தரைக்கு ஷிப்ட் முடிந்தாலும் பதினொன்றுக்கு ஒரு சின்னச் சந்தேகம், பதினொன்றேகாலுக்கு ஒரு கோப்பு. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று சொன்னது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ராத்திரிச் சந்தேகங்களையும் சனிக்கிழமை அழைப்புகளையும் சேர்த்தால் எங்கள் அணியில் சிலர் 55-ஐத் தொட்டுவிடுகிறார்கள். இதை வயலும் பாலும் சரிசெய்யாது. பிரான்சில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நம் மக்களவையிலும் 2018 கடைசியில் எம்.பி. சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. சட்டம் வரும்வரை அணிக்குள்ளேயே பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு எட்டு மணிச் சாப்பாடு ஒன்றை நாங்கள் பிடித்துவைத்திருக்கிறோம். எட்டிலிருந்து எட்டரை வரை மடிக்கணினி மூடியிருக்கும். மாமா, அத்தை, கணவர், நான், எல்லோரும் கூடத்தில் ஒன்றாகச் சாப்பிடுவோம். எனக்காக மாமா காத்திருப்பார் என்பதால் தள்ளிப்போட முடியாது. அமெரிக்காவில் கோடைக்காலக் கடிகாரம் ஓடும்வரை இதில் சிக்கல் இல்லை, அவர்களுடைய காலை ஒன்பதரைக் கூட்டம் நமக்கு ஏழு மணிக்கு வரும். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்துவார்கள், அதே கூட்டம் சரியாக எட்டு மணிக்கு வந்து நிற்கும். போன வருடம் நான்கு மாதத்துக்கு மேல் அந்தச் சாப்பாடு போயிற்று. இந்த வருடம் முன்கூட்டியே, கூட்டத்தை அரை மணி நேரம் தள்ளி எட்டரைக்கு வைக்கும்படி மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். மன்னார்குடிப் பெண்ணும் நாகப்பட்டினத்துக்காரரும் அவரவர் காரணத்தைச் சேர்த்துக் கீழே பெயர் போட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தக் கூட்டத்துக்கு எங்கள் மூவரில் ஒருவர் மாற்றி ஒருவர் போவது என்று பேசிவைத்திருக்கிறோம்.